இடையில் ஒருத்தி

செப்டம்பர் 1, ஞாயிறு. தார்த்து.

வந்து சேர்ந்துவிட்டேன். எஸ்டோனியா என்றால் பாளையங்கோட்டையில் யாருக்கும் தெரியவில்லை. "ரஷ்யா பக்கத்துல" என்று அப்பா எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். தார்த்து சின்ன ஊர். நடுவில் ஓர் ஆறு போகிறது, சத்தமே இல்லாமல்.

விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டிலுக்குத் துருக்கியிலிருந்து ஒரு பெண் வருவாளாம். ஜன்னல் ஓரத்தை அவளுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன். அடுக்களையும் குளியலறையும் பக்கத்து அறையோடு பொது. அங்கே இரண்டு பேர். ஜார்ஜியாக்காரியின் பெயர் நானா. போர்ச்சுகல்காரி இனேஷ். ஜார்ஜியாக்காரி கை நீட்டி "நானா" என்றபோது "ஆமா, நீதான்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சொல்லிச் சிரிக்க இங்கே ஆளில்லை.

மங்கையர்க்கரசி என்ற என் பெயரை இனேஷ் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு 'மாங்கா' என்பதில் நின்றுவிட்டாள். திருத்தவில்லை.

அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகப் பேசினேன். அப்படித்தான் வழக்கம்.

செப்டம்பர் 5, வியாழன்

வகுப்பு தொடங்கிவிட்டது. எம்.எஸ்ஸி. தாவரவியலில் எங்கள் கல்லூரியிலிருந்து இந்தப் பருவத்துக்கு அனுப்பியது என்னை மட்டும்தான். இங்கே சதுப்பு நிலப் பாசிகள் பற்றி ஒரு முழுப் பாடம் இருக்கிறது. வகுப்பில் ஆளுக்கு ஒரு நாற்காலி விட்டு உட்காருகிறார்கள். முதல் நாள் தெரியாமல் ஒரு பையனுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

தயிர் என்று நினைத்து வாங்கியது புளித்த பாலேடு. சோற்றில் போட்டுப் பிசைந்து பார்த்தேன். சாப்பிட முடிந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

அப்பா கூப்பிட்டார். குளிர் எப்படி என்று கேட்டார். பிறகு, "ரசப்பொடி எங்க இருக்குன்னு அம்மாட்ட கேட்டுச் சொல்லுட்டி" என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "நடு அலமாரில, காபித்தூள் டப்பா ஒண்ணு கெடக்கும்லா, அதுல." அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்.

வெளியாள் யாராவது இதைப் படித்தால் விசித்திரமாக இருக்கும். எங்கள் வீட்டில் இது புதிதல்ல. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே, "அப்பா சாப்பிட வாராவளான்னு கேளு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்வாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார், அவருக்கே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்வேன். அவர், "கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லு" என்பார். நான் திரும்பி வருவேன். சண்டையெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதே இல்லை. காந்திமதி அத்தை வரும்போதெல்லாம், "என்ன அமைதியான வீடு!" என்று சொல்லாமல் போகமாட்டாள்.

இப்போது அதுவே எஸ்டோனியாவைச் சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

அப்பா ஏன் ரசம் வைக்கிறார் என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி வந்திருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

துருக்கிப் பெண் வரமாட்டாளாம். விடுதி அலுவலகத்தில் சொன்னார்கள். ஜன்னல் ஓரத்துக்கு நானே மாறிக்கொள்ளலாம். மாறவில்லை.

இன்று அம்மா வீடியோவில் பேசினாள். பின்னால் பச்சை நிறச் சுவர். எங்கள் வீட்டில் பச்சைச் சுவர் கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே ரயில் ஒன்று போனது. அது போய் முடிகிற வரை அம்மா வாயைத் திறக்கவில்லை.

"எங்கேம்மா இருக்கே?"

"எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தி வீட்டுக்கு வந்திருக்கேன்."

சரிதான். அம்மாவுக்கும் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டும்தானே.

செப்டம்பர் 26, வியாழன்

கேஸ் சிலிண்டர் புத்தகம். பழைய பெட்ஷீட். தண்ணீர் வரி ரசீது. மூன்றும் அம்மாவிடம் கேட்டு அப்பாவிடம் சொன்னேன்.

அக்டோபர் 4, வெள்ளி

நானாவுக்கும் இனேஷுக்கும் ஜன்னலில் பிரச்சினை. இனேஷுக்குக் காற்று வேண்டும். நானாவுக்குக் குளிர் ஆகாது. ஒருத்தி திறப்பதும் ஒருத்தி மூடுவதுமாக ஒரு வாரம் ஓடியிருக்கிறது. இன்று மாலை நானா என் கதவைத் தட்டினாள்.

"அந்தப் பன்னிகிட்ட சொல்லு. இனிமே ஜன்னலத் திறந்தா நான் அவ துணியெல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சிருவேன்."

நான் போய் இனேஷிடம், "நானாவுக்கு ரொம்பக் குளிருதாம். தூங்கப்போறப்ப மட்டும் மூடலாமான்னு கேக்கா" என்றேன்.

இனேஷ் சொன்னாள்: "அவ பூண்டு தின்னுட்டு வந்து படுத்தா மூச்சு முட்டுது எனக்கு. செத்துடுவேன்."

நான் திரும்பிப் போய் நானாவிடம், "சாயங்காலம் கொஞ்ச நேரம் காத்து வந்தாப் போதுமாம் அவளுக்கு" என்றேன்.

முடிந்தது விஷயம். எனக்கு இது கைவந்த கலை. முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பரிமாற வேண்டும். நானா வால்நட் அரைத்து வைத்த கத்தரிக்காய் கொண்டுவந்து தந்தாள். இனேஷ் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரே நாளில் நான் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான்.

அக்டோபர் 12, சனி

சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாசி. சிவப்பும் மஞ்சளுமாக, மேலே கட்டை குட்டையாகப் பைன் மரங்கள். கீழே வெறும் தண்ணீர்தானாம். கால் புதையாமலிருக்க அகலமான பலகைச் செருப்பு கட்டிவிட்டார்கள். ஆசிரியை ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே ஒருவர் குதித்தால் தள்ளி நிற்பவரின் காலடியிலும் தரை ஆடும் என்றார். எல்லோரும் கடந்துபோன பிறகு நான் குதித்தேன். தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். கையசைத்தேன். அவன் கையசைக்கவில்லை, காலடியைப் பார்த்துவிட்டு நடந்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

நானாவும் இனேஷும் இப்போது பேசிக்கொள்வதே இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். குப்பை யார் கொண்டுபோவது, வெந்நீர் யார் முதலில் பிடிப்பது, எல்லாம். கதவு தட்டும் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது மாலை என்று ஒன்றே இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வகுப்பு இருந்தது. காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். குளியலறையில் எண்ணெய்ப் பிசுக்கு என்று இனேஷ் முகம் சுளித்தாள்.

அம்மா முதலில் கூப்பிட்டாள். அதே பச்சைச் சுவர். புதுச்சேலை கட்டியிருந்தாள், கத்தரிப்பூ நிறம். அழகாக இருந்தாள், அதைச் சொன்னேன். "அப்பாட்ட குடு" என்றேன்.

"அப்பா கடைக்குப் போயிருக்காவ."

சற்று நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். எங்கள் வீட்டுக் கூடம். நாற்காலியில் துண்டு தொங்கியது. சட்டை புதுசு, கசங்கியிருந்தது, மடிப்புக்கூடப் பிரியவில்லை. "அம்மாவக் கூப்பிடுங்கப்பா, ரெண்டு பேரையும் சேத்துப் பாக்கணும்."

"அவ கோயிலுக்குப் போயிருக்கா."

"என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி. ஓட்டல் இட்லி நல்லாத்தான் இருக்கு." பிறகு, "நீ என்ன சாப்பிட்ட?" என்றார். நானும் இட்லி என்று பொய் சொன்னேன்.

கடையும் கோயிலும் பக்கம் பக்கம்தான். ஒருவரை ஒருவர் வழியில் பார்த்திருப்பார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

யாரையும் கூப்பிடவில்லை. படிக்க நிறைய இருக்கிறது.

நவம்பர் 9, சனி

அம்மா சொல்லிவிட்டாள். நான் கேட்காமல் அவளாகவே.

"ஜங்ஷன் பக்கத்துல ஒரு மாடி வீடு. வாடகைக்கு எடுத்திருக்கேன். நீ போன அடுத்த வாரமே வந்துட்டேன்."

"சண்டையாம்மா?"

"சண்ட போட்டாத் தேவலையே." அவள் சிரித்தாள். "நீ பிளேன் ஏறின அன்னைக்கு ரெண்டு பேரும் ஏர்போர்ட்ல இருந்து கார்ல வந்தோம்லா. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்த இல்ல. அடுத்த நாளும் இல்ல. அதுக்கடுத்த நாளும் இல்ல. சாப்பாட்ட எடுத்து வச்சேன், சாப்பிட்டாவ, எந்திரிச்சுப் போனாவ. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. இத்தன வருஷமா நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்னு நெனச்சிருந்தேன். பேசினது பூரா உன்ட்டதான்."

ரயில் ஒன்று போனது. இந்தத் தடவை அம்மா நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினாள்.

"இங்க மொட்டமாடி இருக்கு. பக்கத்து வீட்டுப் பொம்பளட்ட பேசுதேன். ஸ்கூல் விட்டு வந்தா எனக்குன்னு ஒரு டம்ளர் காபி போட்டு உக்காந்து குடிக்கேன். யாருக்கும் வேணுமான்னு கேக்க வேண்டாம். அதுவே பெரிசா இருக்கு."

"நான் வந்துடவா?"

"வந்து? நடுவுல நிக்கவா? போதும் நீ நின்னது."

நான் இங்கே வந்திருக்கக் கூடாது.

நவம்பர் 10, ஞாயிறு

இந்த ஊரில் இன்று ஏதோ மார்ட்டி நாளாம். கீழ்த்தளத்தில் குடும்பமாக இருப்பவர்களின் பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, அப்பனின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். கதவைத் திறந்ததும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றும் புரியவில்லை. பாடி முடித்ததும் பையை விரித்துக்கொண்டு நின்றார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொஞ்சம் மிச்சம் இருந்தது, போட்டேன். வெல்லப் பாகு ஒட்டிய விரலை ஒரு சின்னப் பெண் நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

போகவில்லை. நானா தட்டினாள், தூங்குவது போல இருந்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அப்பாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டி எங்கே என்று கேட்டார், சட்டை தேய்க்க. "அம்மாட்ட கேட்டுச் சொல்லு." அம்மாவிடம் கேட்டேன். "கட்டிலுக்கு அடியில" என்றாள். அவரிடம் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு வெகு நேரம் கட்டிலிலேயே கிடந்தேன். நான்தான் அங்கே இல்லையே, பிறகு எதற்கு எனக்கு இவ்வளவு களைப்பு?

பாசி ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். இரண்டே வரி. பதில் எழுதவில்லை.

நவம்பர் 21, வியாழன்

வகுப்புக்குப் போனேன். முதல் பனி. யாரோ எனக்கு முன்னால் நடந்துபோயிருந்தார்கள். அந்தத் தடத்திலேயே கால் வைத்து நடந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மத்தியானம் நானா வந்தாள். முகம் சிவந்திருந்தது. இனேஷ் தன் சிநேகிதனைக் கிறிஸ்துமஸ் வரை அறையில் தங்கவைக்கப் போகிறாளாம்.

"நீ போய்ச் சொல்லு. ஒரு ராத்திரிகூட முடியாதுன்னு சொல்லு."

நான் எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். அடுக்களையில் இனேஷ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவே பத்தடிகூட இருக்காது. நானா சொன்னது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கும். வெட்டுவதை நிறுத்திவிட்டு, நான் வந்து சொல்வேன் என்று காத்திருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த முதுகை எங்கள் வீட்டு அடுக்களையில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"இல்ல" என்றேன். "நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு. அவ இங்கதான் நிக்கா."

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் நானா.

"எனக்கு முடியல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் தொடங்கி அவரவர் மொழிக்குப் போய்விட்டது. ஏதோ ஒரு தட்டு உடைந்தது. யாரோ அழுதார்கள். இத்தனை வயதில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று கத்துவதை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்துகூட, நான் கேட்டதில்லை. போய் நிறுத்திவிட வேண்டும் போல இருந்தது. தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 25, திங்கள்

சமாதானமெல்லாம் ஆகவில்லை. ஆனால் காலையில் நானா நேரடியாக இனேஷிடம், "உன் தட்டுதான் உடைஞ்சது, நான் வாங்கித் தாரேன்" என்றாள். "அது உன் தட்டுதான்" என்றாள் இனேஷ். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிநேகிதன் வார இறுதிக்கு மட்டும் வருவானாம். அந்த இரண்டு நாளும் நானா வேறு ஜார்ஜியாக்காரிகளோடு இருந்துகொள்வாளாம். இதெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அடுக்களையில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

நவம்பர் 29, வெள்ளி

இந்த வாரம் யாரும் என் கதவைத் தட்டவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. குளிரைப் பற்றிக் கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்ப்பா."

"எப்பலருந்து?"

"அம்மா சொன்னா."

வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த மின்விசிறிக்கு ஒரு முனகல் உண்டு. இங்கிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்தது.

"அம்மாட்ட ஒரு சேதி சொல்லணும்."

"என்னப்பா?"

"வீட்டுக்கு வரச் சொல்லு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்... எனக்கு ஒண்ணும் ஓடல. அவ இல்லாம. அதச் சொல்லு. நீ சொல்ற மாதிரி சொல்லு, உனக்குத்தான் நல்லாச் சொல்ல வரும்."

மின்வாரியத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர், யாரிடமும் கை கட்டி நிற்காத மனிதர். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் ஓட ஆரம்பித்துவிட்டது. நன்றாகச் சொல்லியிருப்பேன். அவரே சொல்வதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன். அம்மா அழுதிருப்பாள். ஒருவேளை திரும்பிக்கூடப் போயிருப்பாள். மறுபடியும் அவள் அடுக்களையில் நிற்க, இவர் கூடத்தில் உட்கார்ந்திருக்க...

"அப்பா, இத நான் சொல்லமாட்டேன்."

"என்னட்டி சொல்லுத?"

"நீங்களே சொல்லுங்க. இப்ப என்ட்ட சொன்னீங்கல்லா, இதையேதான்."

"நான் எப்படிட்டி சொல்ல முடியும்? அவட்ட நான்..." நிறுத்திவிட்டார். "என்ன சொல்லிக் கூப்பிடன்னுகூடத் தெரியலயே."

"தெரியாட்டாப் பரவால்ல. கூப்பிட்டுட்டுச் சும்மா இருங்க. அம்மாவே ஏதாவது கேப்பா."

"எனக்காக இந்த ஒரு தடவ."

"முடியாதுப்பா."

அப்பா போனை வைத்துவிட்டார். அவருக்கு நான் 'முடியாது' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மேசை மேல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அப்பா கூப்பிடவில்லை.

டிசம்பர் 4, புதன்

அம்மாவும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள். ஆனால் எடுத்ததும் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் கூப்பிடவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

பாசி பற்றிய கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். ஆசிரியை, "இப்போது பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. ஏதாவது ஆகிவிட்டால்? காந்திமதி அத்தையைக் கூப்பிட்டு, பொதுவாகப் பேசுவது போலப் பேசினேன். "நேத்துக்கூட பஸ் ஸ்டாண்டுல பார்த்தேனே உங்கப்பாவ" என்றாள். போதும்.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். மூன்று மணிதான் ஆகியிருந்தது. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"உங்க அப்பா பேசினாவ" என்றாள்.

"எப்ப?"

"புதன்கெழம. அப்புறம் நேத்து வந்தாவ."

"வீட்டுக்கா? உன் வீட்டுக்கா?"

"ஆமா. படி ஏறி வந்து வெளியவே நின்னாவ. உள்ள வாங்கன்னேன். உக்காந்து பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

"அது எதுக்கு உனக்கு?"

"அம்மா!"

"எல்லாத்தயும் உன்ட்ட சொல்ல முடியுமாளா? அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

அவள் குரலில் கோபமில்லை. வெட்கம் போலத்தான் இருந்தது.

"திரும்பப் போறியா?"

"தெரியல. அவ்வொ கேட்டதுக்கு அவ்வொட்டயே பதில் சொல்லிட்டேன். அதுக்கு மேல என்னன்னு நாங்க பாத்துக்கிடுதோம்."

நல்ல செய்திதான். ஆசைப்பட்டதும் இதைத்தான். ஆனால் அவள் 'நாங்க' என்றபோது, விளையாட்டில் சேர்க்காமல் விட்ட பிள்ளை போல ஆகிவிட்டது எனக்கு. மனிதர்கள் இப்படி இருப்பார்களா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். எங்கள் பேச்சு எப்போதும் அங்கேதான் முடியும்: சேதியைக் கேட்டாகிவிட்டது, சேதியைச் சொல்லியாகிவிட்டது.

அம்மா வைக்கவில்லை.

"அரசி."

"ம்."

"நீ எப்படிட்டி இருக்க?"

"நல்லாருக்கேன்மா."

"அப்பாட்ட சொல்லுத மாதிரி சொல்லாத. எனக்குச் சொல்லு. அங்க நீ யார்ட்ட பேசுத? யார் கூடச் சாப்பிடுத?"

வாயைத் திறந்தேன். முள்ளெடுத்துப் பரிமாற யாருடைய வார்த்தையும் என் கையில் இல்லை. என்னுடையது மட்டும்தான் இருந்தது; அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"இங்க எனக்கு யாருமே இல்லம்மா. ஒரு பையன் பக்கத்துல போய் உக்காந்தா எந்திரிச்சுப் போயிட்டான்..."

அங்கிருந்து ஆரம்பித்து, புளித்த பாலேட்டைச் சோற்றில் போட்டுத் தின்றது, வராமலே போன துருக்கிப் பெண்ணுக்காகக் கட்டிலை விட்டுவைத்தது, தீபாவளியன்று இட்லி என்று பொய் சொன்னது, படுக்கையை விட்டு எழுந்திருக்காத நாட்கள் எல்லாவற்றையும் கோவையில்லாமல் கொட்டினேன். நடுநடுவே அழுதேன். அம்மா "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடப் புத்தி சொல்லவில்லை. அறை முழுக்க இருட்டிவிட்டது. விளக்குப் போட எழுந்தால் பேச்சு அறுந்துவிடுமோ என்று இருந்தது. இருட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன்.